சென்னை ஏர்போர்ட்டில் இறங்கி பாண்டி வந்து சேர்வது எப்படி: மணியைப் பார்த்து வழியைப் பிடிங்க

பாரிசில் இருக்கும் எங்கள் சித்தப்பா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு முறையும் பெல்டில் பெட்டி வருவதற்குள் எனக்கு போன் வந்துவிடும். "எறங்கிட்டேன்டா, இப்ப எந்தப் பக்கம் போவணும்?" அவர் மனசில் இருக்கும் சென்னை வேறு. ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்து ஜிஎஸ்டி ரோட்டில் நின்று கையைக் காட்டினால் திண்டிவனம் போகும் ஏதோ ஒரு பஸ் நிற்கும், ஏறிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அவர் கணக்கு. அப்புறம் 2002-இல் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு வந்தது, அதுவும் பழகிப்போன நேரத்தில் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி வண்டலூர் தாண்டி கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைத் திறந்தார்கள், தெற்கே போகும் பஸ் பெரும்பாலும் அங்கே போய்விட்டது. இதை அவருக்கு போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாண்டி முத்தியால்பேட்டையிலிருந்து மாசம் ஒருமுறையாவது யாரையாவது கூட்டிவரவோ கொண்டுவிடவோ போய்வரும் அனுபவத்தில் எழுதுவது.

முதலில் ஒன்று. "பாண்டிக்கு எது நல்ல வழி?" என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டு விஷயம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். நீங்கள் பெட்டியோடு வெளியே வரும்போது மணி என்ன? பாண்டியில் நீங்கள் போக வேண்டியது எந்தப் பக்கம்? ஏர்போர்ட்டிலிருந்து பாண்டி எந்த வழியில் போனாலும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். ஆனால் தப்பான நேரத்தில் தப்பான வழியைப் பிடித்தால் மூன்று மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரம் ஆகும்.

இரண்டு ரோடு, ஒரு தண்டவாளம்

ஒன்று ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. கடலை ஒட்டி மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம், காலாப்பட்டு வழியாக வரும். இன்னொன்றை நாங்கள் பைபாஸ் வழி என்போம். ஜிஎஸ்டி ரோட்டிலேயே செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் வரை வந்து, அங்கே இடப்பக்கம் திரும்பி கோரிமேடு வழியாக உள்ளே நுழையும். இரண்டும் கடைசியில் ராஜீவ் காந்தி சிலை சிக்னலில்தான் சேரும். ரயிலில் வந்தால் விழுப்புரம் சுற்றி, வில்லியனூர் வழியாக மேற்கிலிருந்து வருவீர்கள்.

இதில் உங்கள் வீடு எங்கே என்பதுதான் முக்கியம். ஆரோவில் போகிறவர்கள், காலாப்பட்டு யுனிவர்சிட்டிக்குப் போகிற பிள்ளைகள், லாஸ்பேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் ஈசிஆர்தான். ஆரோவிலுக்கு பெரிய முதலியார்சாவடியில் இறங்கினால் போதும், பாண்டிக்குள் வந்து திரும்பிப் போக வேண்டியதில்லை. ஜிப்மருக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் வழி. கோரிமேடு தாண்டியதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ் நிற்கும். போன வருஷம் எங்கள் அத்தையை ஜிப்மருக்குக் கூட்டிவரும்போது கோயம்பேட்டில் ஈசிஆர் பஸ்ஸில் ஏறப் போனோம். கையில் இருந்த பைலைப் பார்த்துவிட்டு கண்டக்டரே சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கா? இதுல ஏறினா ராஜீவ் சிலைல எறங்கி மறுபடி வண்டி மாத்தணும்மா, கிளாம்பாக்கம் போயி திண்டிவனம் வண்டி புடிங்க." அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

பீச், மிஷன் வீதி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போகிறவர்களுக்கு எந்த வழியில் வந்தாலும் ஒன்றுதான்.

டெர்மினலை விட்டு வெளியே வருவது

வெளிநாட்டு விமானம் என்றால் இப்போது டெர்மினல் 2, உள்நாடு என்றால் 1 அல்லது 4. எதில் வந்தாலும் வெளியே வந்ததும் "டாக்சி சார், பாண்டி சார்" என்று கையைப் பிடிக்காத குறையாக வருவார்கள். அவர்களைத் தாண்டி நடங்க. ஓலா, உபேர் வண்டிகள் வாசலுக்கு வராது, எதிரே இருக்கும் அடுக்குமாடி பார்க்கிங்குக்குத்தான் நீங்கள் போக வேண்டும். இது தெரியாமல் வாசலில் நின்றுகொண்டு டிரைவரோடு பத்து நிமிஷம் போனில் சண்டை போடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏடிஎம்மில் பணம் எடுத்து, ஒரு டீயோ தண்ணி பாட்டிலோ வாங்கி 500 ரூபாயை உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். போன் சிம் இன்னும் வேலை செய்யாத நிலையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு கையில் இருக்கும் பத்தும் இருபதும்தான் கை கொடுக்கும். அதிகாலை பஸ்ஸில் 500-ஐ நீட்டினால் கண்டக்டர் பார்க்கும் பார்வையை நான் எழுத வேண்டியதில்லை.

பகலில் வந்தால்: மெட்ரோ, கோயம்பேடு, ஈசிஆர் பஸ்

காலை ஐந்து மணி வாக்கிலிருந்து இரவு பதினொன்று வரை மெட்ரோ ஓடும். இந்த நேரத்தில் வந்தால், தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி அளவுதான் சுமை என்றால், இதுதான் என் தேர்வு. கொஞ்சம் வடக்கே போய்த் திரும்புவதுபோல் தோன்றும். தோன்றட்டும், டிராபிக்கே இல்லாமல் போகிறீர்கள்.

டெர்மினலிலிருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்கு மேலேயே நடைபாதை இருக்கிறது, வெயில் மழை படாமல் போகலாம். ஏர்போர்ட்டிலிருந்து கிளம்புவது நீல வழித்தடம். மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு, அடுத்து ஆலந்தூர். ஆலந்தூரில் இறங்கி பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். பிளாட்பாரம் வேறு தளத்தில் இருக்கும், லிப்ட் உண்டு. சென்ட்ரல் போகும் பச்சை வண்டியில் ஏறினால் ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி, அரும்பாக்கம், அதற்கு அடுத்து சிஎம்பிடி.

இங்கேதான் கவனம். சிஎம்பிடி ஒரு ஸ்டேஷன், அதற்கு அடுத்த ஸ்டேஷன் பெயர் கோயம்பேடு. பஸ் ஸ்டாண்டு சிஎம்பிடியில். "கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு" என்று சின்ன வயசிலிருந்து சொல்லிப் பழகிய வாய் என்பதால் நான் முதல் தடவை சிஎம்பிடியில் கதவு திறந்து மூடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயம்பேட்டில் இறங்கி, இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறி, ஒரு ஸ்டேஷன் திரும்பி வந்தேன். பெட்டியில் ஒன்றுக்கு சக்கரம் வேறு உடைந்திருந்தது.

மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் அதிகபட்ச டிக்கெட்டே 50 ரூபாய்தான். இதே தூரத்துக்கு ஆட்டோவில் பேசிப் பாருங்கள்.

கிளாம்பாக்கம் வந்த பிறகும் ஈசிஆர் வழி பாண்டி பஸ்கள் கோயம்பேட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. தமிழ்நாடு அரசு பஸ்ஸும் இருக்கும், எங்கள் ஊர் அரசு பஸ்ஸான பிஆர்டிசியும் இருக்கும். போர்டைப் படித்தாலும், ஏறும் முன் "ஈசிஆரா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரிய பெட்டி இருந்தால் டிக்கியில் போடச் சொல்லிவிட்டு, அதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். லக்கேஜுக்கு டிக்கெட் கேட்டால் அது வழக்கம்தான், சண்டை வேண்டாம்.

அங்கிருந்து மூன்று, மூன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலையில் ஊரே மாமல்லபுரம் கிளம்பியிருக்கும், அப்போது ஈசிஆர் ஆகாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே நாலு வழியாக அகலப்படுத்தும் வேலையால் அங்கங்கே வண்டியைத் திருப்பிவிடுவார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் இது அருமையான ரோடு. இடப்பக்க ஜன்னல் பிடித்தால் முதலியார்குப்பத்துப் பக்கம் காயல் தெரியும். மரக்காணம் நெருங்கும்போது உப்பளம் வரும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள். எத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தாலும் அந்த இடம் வந்தவுடன் சித்தப்பா பேச்சை நிறுத்திவிடுவார்.

கோயம்பேடு வரை போக மனசில்லாதவர்கள் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு டாக்சி பிடித்து திருவான்மியூர் போய் அதே ஈசிஆர் பஸ்ஸை நடுவில் பிடிப்பார்கள். வாரநாளில் சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்யாதீர்கள். கோயம்பேட்டிலேயே பஸ் நிரம்பிவிடும், நீங்கள் காலாப்பட்டு வரை நின்றுகொண்டு வருவீர்கள்.

நடுராத்திரியில் வந்தால்

வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் நிறைய இரவு பன்னிரண்டுக்கும் காலை நாலுக்கும் இடையில்தான் இறங்கும். மெட்ரோ கிடையாது. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர எப்படியும் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அப்போது உங்களுக்கு மூன்று வழி.

தனியாள், சுமை குறைவு என்றால் டாக்சியில் கிளாம்பாக்கம் போங்கள். ஜிஎஸ்டி ரோட்டிலேயே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி வலப்பக்கம், சுமார் 15 கிலோமீட்டர். ராத்திரி ரோடு காலியாக இருக்கும். பகலில் இதே தூரம் உயிரை எடுக்கும், அது வேறு கதை. கிளாம்பாக்கத்தில் நேராகப் பாண்டி போர்டு போட்ட பஸ்ஸோ, பாண்டி வழியாகப் போகும் கடலூர், சிதம்பரம் பஸ்ஸோ பாருங்கள். அகால நேரத்தில் கிடைக்கவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம். விழுப்புரம் பக்கம் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறி திண்டிவனத்தில் இறங்கலாம். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் போகுமா, மேம்பாலத்தோடு இறக்கிவிடுவாரா என்று. திண்டிவனத்திலிருந்து பாண்டி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். குழந்தை, வயசானவர்களோடு வரும்போது இந்தத் திண்டிவனம் மாறும் வேலை மட்டும் வேண்டாம்.

குடும்பமாக நாலு பேர், எட்டு பெட்டி என்றால் பேசாமல் டாக்சி. ஊரிலிருந்தே ஒரு வழி டிராப் டாக்சி சொல்லிவைப்பதுதான் உத்தமம், ஏர்போர்ட் வாசலில் பேரம் பேசும் நிலைமைக்குப் போகவே கூடாது. சொல்லும்போது வாய்விட்டுக் கேட்க வேண்டியவை: டோல் சேர்த்தா சேர்க்காமலா? டிரைவர் பேட்டா உண்டா? பாண்டி பர்மிட் யார் கட்டுவது? தமிழ்நாட்டு டாக்சி புதுச்சேரிக்குள் வர பர்மிட் வேண்டும், இந்தப் பணத்தைத்தான் கோரிமேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. காலை ஐந்து மணிக்கு, பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, ரோட்டோரத்தில் நின்று அரைமணி நேரம் வாக்குவாதம். அதிலிருந்து பேசிய தொகையை வாட்ஸ்அப்பில் "டோல், பேட்டா, பர்மிட் எல்லாம் சேர்த்து" என்று எழுதி வாங்கிவிடுகிறேன். பைபாஸ் வழியில் பரனூர், ஆத்தூர், கடைசியில் மொரட்டாண்டி என்று டோல் வரும்.

ராத்திரியில் ஈசிஆர் வேண்டாம், பைபாஸ் வழியாகவே வரச் சொல்லுங்கள். ஈசிஆரில் வெளிச்சம் இல்லாத இடங்கள் நிறைய, மாடு குறுக்கே படுத்திருக்கும். அப்புறம் டிரைவர் கொட்டாவி விட்டால் அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி நீங்களே டீ வாங்கிக் கொடுங்கள். வீடு சேர்வது பத்து நிமிஷம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது.

மூன்றாவது வழி யாரும் சொல்லாதது: மூன்று மணிக்குமேல் இறங்கியிருந்தால் ஏர்போர்ட்டிலேயே ஒரு காபி குடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருங்கள். முதல் மெட்ரோவில் கிளம்பினால் எட்டரை ஒன்பதுக்கெல்லாம் பாண்டியில் டிபன் சாப்பிடலாம்.

ரயில்

எழும்பூரிலிருந்து பாண்டிக்கு சாயங்காலம் நேரடி வண்டி இருக்கிறது. அதைப் பிடிக்க எழும்பூர் போக வேண்டியதில்லை, அந்த வண்டி தாம்பரத்தில் நிற்கும். ஏர்போர்ட்டுக்கு எதிரே ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டினால் திரிசூலம் ஸ்டேஷன், தாண்டுவதற்குச் சுரங்கப்பாதை இருக்கிறது. அங்கே மின்சார ரயில் ஏறினால் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம். கால் மணி நேரம்கூட ஆகாது. எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி தவறினால் விழுப்புரத்தில் நிற்கும் எந்த வண்டியிலும் வரலாம். விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ, அங்கே பாண்டி பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. வளவனூர், மதகடிப்பட்டு, கண்டமங்கலம், வில்லியனூர் வழியாக ஒரு மணி நேரத்தில் இந்திரா காந்தி சிலை வந்துவிடும். மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டி வருகிற டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஜிஎஸ்டி ரோடு முழுக்க சிவப்புச் சேலையும் பஸ்ஸுமாக இருக்கும். பொங்கலுக்கு முந்தின நாட்களைச் சொல்லவே வேண்டாம். அப்போதெல்லாம் என் ஓட்டு ரயிலுக்குத்தான்.

மழைக்காலத்தில் எதுவும் நிச்சயமில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்தில் கரை கடந்தபோது ஏர்போர்ட்டையே மூடினார்கள், அடுத்த இரண்டு நாளில் விழுப்புரம் பக்கம் வெள்ளம் வந்து ரயிலும் நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் கிளம்பும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

லாஸ்பேட்டையில் நமக்கே ஒரு ஏர்போர்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஓடுதளம் சின்னது, ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்கும். பெங்களூரு, ஹைதராபாத் வழியாக வருகிறவர்கள் டிக்கெட் விலை ஒத்துவந்தால் தாராளமாக அதில் வரலாம், ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு ஆட்டோதான்.

பாண்டிக்குள் நுழைந்த பிறகு

பலர் பஸ் ஸ்டாண்டு வரை உட்கார்ந்து வருகிறார்கள், தேவையில்லை. ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை, நெல்லித்தோப்பு, அப்புறம்தான் மறைமலை அடிகள் சாலை பஸ் ஸ்டாண்டு. முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, காமராஜ் சாலைப் பக்கம் போகிறவர்கள் ராஜீவ் சிலையிலேயே இறங்கிவிடலாம். ரெட்டியார்பாளையம், மூலக்குளம் என்றால் இந்திரா சிலை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பீச் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெட்டி இல்லையென்றால் காலையில் நடக்கலாம். ஆட்டோவில் மீட்டர் என்ற பேச்சே எடுக்காதீர்கள், முதலில் கேட்கும் தொகையைக் கொடுத்தும் விடாதீர்கள். இரண்டு ஆட்டோ தள்ளி நின்று கேட்டால் தானாகக் குறையும். ரயிலில் வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே இருதய ஆண்டவர் கோயில், பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் கடல்.

பீச் ரோட்டில் ரூம் போட்டிருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அந்த ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். ஏழு மணிக்கு வந்து இறங்கினால் ஆட்டோ பக்கத்துத் தெரு முனையோடு சரி, மீதியை நீங்கள் பெட்டியோடு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாத்மா காந்தி ரோட்டில் சண்டே மார்க்கெட், அந்தப் பக்கம் ஆட்டோக்காரரே வரமாட்டேன் என்பார்.

கடலூர் போகிறவர்கள் பாண்டியில் இறங்கி மாற வேண்டியதில்லை, சென்னையிலிருந்தே கடலூர், சிதம்பரம் பஸ்ஸில் ஏறினால் போதும். இறங்கிவிட்டாலும் கவலை இல்லை, பாண்டி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் வந்துகொண்டே இருக்கும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், அதோடு நம் எல்லை முடிந்தது. மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீஸ் பக்கம் என்றால் முன்னாலேயே இறங்குங்கள், பஸ் ஸ்டாண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. ரயிலில் நேராகக் கடலூர் போகிறவர்கள் சோழன் எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் ஏறி திருப்பாதிரிப்புலியூருக்கு டிக்கெட் எடுங்கள். துறைமுகம் சந்திப்பு என்று எடுத்தால் முதுநகரில் போய் நிற்பீர்கள்.

திரும்பிப் போகும்போது

இதே வழிதான், ஒரே ஒரு வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொத்தத் தமிழ்நாடும் சென்னைக்குத் திரும்பும். பரனூர் டோலிலிருந்து தாம்பரம் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். ராத்திரி பதினொரு மணி விமானத்துக்கு மதியம் மூன்றுக்குக் கிளம்பினால் போதும் என்று என் மச்சான் கணக்குப் போட்டார். சிங்கப்பெருமாள் கோயிலிலேயே ஒரு மணி நேரம், ஏர்போர்ட் வந்தபோது கவுண்டரை மூடும் நேரம். அன்றைக்குச் சித்தப்பா பேசிய பிரெஞ்சு எங்கள் யாருக்கும் புரியவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஞாயிறு விமானம் என்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மதிய விமானமாக இருந்தால் விடியற்காலையில் பாண்டியிலிருந்து எழும்பூர் போகும் வண்டியைப் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்து சுரங்கப்பாதை வழியாக ரோட்டைத் தாண்டிவிடுங்கள்.